தோணிப் பலகை, கப்பல் சாமான், ட்ரங்குப் பெட்டி: வீட்டுச் சாமானாக மாற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடியில் பிரித்த தோணியின் பலகை, பழைய இரும்புக் கடையில் கிடந்த கப்பல் ஜன்னல், பரணிலிருந்து இறக்கிய ட்ரங்குப் பெட்டி. இவற்றை மேசையாகவோ பெஞ்சாகவோ மாற்ற நினைப்பவர்கள் நம் பக்கம் இப்போது நிறையப் பேர். ஆனால் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகத்தான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. கடல் சாமான் வேற, பெட்டி வேற. ரெண்டையும் ஏன் ஒண்ணாச் சேர்த்துப் பேசுதீங்க?

ரெண்டும் வந்த வழி ஒன்று. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று பிழைக்கப் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மரம், பித்தளை, இரும்பு என்று பொருளும் ஒன்றே; அதனால் வரும் நோயும் ஒன்றே.

ஒரே ஒரு வித்தியாசம். தோணி மரத்துக்குள் உப்பு ஊறியிருக்கும், பெட்டிக்குள் இருக்காது. எதைக் கழுவலாம், எதைத் துடைக்க மட்டும் செய்யலாம், எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒன்றைப் பொறுத்ததுதான்.

2. வாங்கப் போனா கையில என்ன கொண்டு போகணும்?

ஒரு காந்தம், டார்ச், குத்தூசி, அளவு டேப். பெயிண்ட் அடித்த கப்பல் ஜன்னலில் காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று முடிவு கட்டாதீர்கள், அலுமினியமாகவும் இருக்கலாம். தூக்கிப் பாருங்கள், ஒரே அளவில் பித்தளை, அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனக்கும்.

பலகையில் குத்தூசியை ஓரத்திலும் ஆணி இருக்கும் இடத்திலும் அழுத்துங்கள். 5 மி.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் தேறாது. அதை வெட்டிவிட்டு மீதி எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகை செல்லரித்திருந்தால் மாற்றிவிடலாம். மூடி முறுக்கிக்கொண்டு ஒரு மூலை தூக்கி நின்றால் அதை நிமிர்த்துவது பெரும்பாடு, வாங்காமல் வருவதே மேல்.

3. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பைப்பைத் திறந்து கழுவிரலாமா?

வேண்டாம். முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒட்டியிருக்கும் சீட்டு, எழுதிய பெயர், பலகையில் வெட்டிய எண் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுங்கள். கழுவினால் முதலில் போவது அவைதான். அவை போனபின் அது யாருடைய பெட்டி, எந்த ஊர் போய்வந்தது என்று சொல்ல எதுவும் இருக்காது.

பிறகு வெளித்திண்ணையிலோ கார் ஷெட்டிலோ, மற்ற மரச் சாமான்களோடு சேராமல், அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு மாதம் வையுங்கள். தாளில் மாவு போலப் புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது.

4. தோணிப் பலகையில வெள்ளையா பூத்திருக்கே, பூஞ்சைதானே அது?

ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே கரைந்து மறைந்து, காய்ந்ததும் மறுபடி பூத்தால் உப்பு. பஞ்சு போல இருந்து, துடைத்தால் இழுபட்டு, முடை வாடை அடித்தால் பூஞ்சை. நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. பழைய கப்பல் பெயிண்டில் ஈயம் இருக்கும், அந்தப் பரிசோதனை வேண்டாம்.

உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு உப்பின் குணத்தைச் சொல்லத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடி மணியாக இறுகும். மரத்துக்குள் இது வருஷம் முழுக்க நடக்கிறது. ஒவ்வொரு முறை இறுகும்போதும் மரநாரை நெம்புகிறது, மேலே பூசிய வார்னிஷைத் தூக்குகிறது, ஆணியைத் துருப்பிடிக்க வைக்கிறது.

5. அந்த உப்பை எப்படித்தான் எடுக்கது? எத்தனை நாள் ஆவும்?

கடலுக்குள் கிடந்த பலகை, அதாவது தோணியின் அடிப்பலகை, பக்கப்பலகை, சுக்கான் போன்றவற்றை நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தளத்துக்கு மேலிருந்த ஹேட்ச் மூடி (தளத்திலுள்ள சரக்கறை வாயை மூடும் பலகை), கதவு, ஏணிக்கு ஈரத் துணியால் நாலைந்து முறை துடைப்பது பெரும்பாலும் போதும். பெட்டிகளை ஒருநாளும் ஊறப்போடாதீர்கள். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டிய மூட்டெல்லாம் விட்டுவிடும்.

தரையில் செங்கல்லை நாலு வரிசை அடுக்கி உள்ளே தார்ப்பாய் விரித்தால் தொட்டி ஆயிற்று. பலகை மிதக்கும், மேலே கல் வையுங்கள். தண்ணீர்தான் முக்கியம். கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீரே உப்பு, அதில் ஊறப்போட்டு என்ன பயன்? தாமிரபரணித் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. மிஷின் சர்வீஸ் செய்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் கருவி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போது ஒரு அளவு, ஏழு நாள் கழித்து ஒரு அளவு. முதல் வாரம் 200-ல் தொடங்கி 2,000-ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் 50-க்கு மேல் ஏறவில்லை என்றால் எடுத்துவிடலாம். 2 அங்குலப் பலகைக்கு இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும்.

வாடை அடிக்கிறதென்று பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், அது திரும்பவும் குளோரைடை, அதாவது உப்பில் இருந்து அரிக்கிற அதே பொருளைச் சேர்க்கிற வேலை. தொட்டியை மூடி வையுங்கள். திறந்த தொட்டியைக் கண்டால் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் செய்வதும் நியாயம்தான்.

6. நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டே நாள்ல காஞ்சிராதா?

மேல்பக்கம் காயும், உள்ளே ஈரம் நிற்கும், நடுவில் பிளக்கும். வெயிலைவிட மோசம் ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, பலகையின் இரண்டு முனைகளிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி ஒரு அடி நீளத்துக்கு வெடிப்பு விட வைக்கும்.

முனைகள் இரண்டிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். ஓலைக் கொட்டகை நிழலில், காற்று நேராக அடிக்காத பக்கம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பலகைக்குப் பலகை ஒரே கனத்தில் ரீப்பர் கொடுத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேர்க்கோட்டில் வர வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். உப்பளத்தில் உப்பு விளைகிற மாதங்கள்தான் மரம் காய்வதற்கும் நல்ல மாதங்கள். 2 அங்குலப் பலகைக்கு நாலிலிருந்து ஆறு மாதம்.

காய்ந்ததா என்று பார்க்க ஈரம் அளக்கும் மீட்டரை நம்பாதீர்கள். மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத்தான் அது கணக்குச் சொல்கிறது. மிச்ச உப்பு இருந்தால் காய்ந்த மரத்தையும் ஈரம் என்றே காட்டும். தொங்கு தராசில் எடை போடுங்கள். 4 அடி நீளம், 1 அடி அகலம், 2 அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகை காய்ந்தபின் சுமார் 12 கிலோ நிற்கும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது அது 18 கிலோகூட இருக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்து, தொடர்ந்து மூன்று முறை ஒரே எடை வந்தால் காய்ந்துவிட்டது.

7. பலகை பூரா விரல் போற ஓட்டை. அந்தப் புழு வீட்டு நிலை, கதவுக்கெல்லாம் பரவிருமோ?

பரவாது. விரல் நுழையும் ஓட்டையும், அதன் உள்சுவரில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலமும் இருந்தால் அது கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். கடல் தண்ணீரை விட்டு வந்தால் செத்துப்போகும், மருந்தே தேவையில்லை. அந்த ஓட்டை வடிவத்துக்காகவே பலகையைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளியில் பத்து ஓட்டை தெரிந்தால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கலாம். கனம் தாங்கும் கால், சட்டத்துக்கு அதைப் போடாதீர்கள்.

பயப்பட வேண்டியது 1 முதல் 2 மி.மீ. அளவுச் சின்ன ஓட்டைக்கும் அதிலிருந்து உதிரும் மாவுக்கும். அது வண்டு, பரவும். வெங்காரமும் போரிக் அமிலமும் 60-க்கு 40 என்று கலந்து, லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, பெயிண்ட், பாலிஷ் எதுவும் இல்லாத வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை தடவுங்கள். கரையானுக்கும் இதுதான். மண்ணெண்ணெய் அன்றைக்கு இருப்பதைக் கொல்லும், நாளைக்கு வருவதைத் தடுக்காது.

8. ஆணியைச் சுத்தி மரம் கறுத்துப் போயிருக்கு. இழைச்சா போயிருமா?

போகாது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டான கறுப்பு அது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துப் பழைய மை காய்ச்சிய அதே சங்கதி. ஆணியைத் தொட்டபடியே உள்ளே வெகுதூரம் இறங்கியிருக்கும். முதலில் ஆணியை எடுக்க வேண்டும். துருத் தின்ற ஆணியைக் குறடு போட்டு இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். 10 மி.மீ. உள்விட்டமுள்ள இரும்புக் குழாயின் வாயில் அரத்தால் பல் வெட்டி, டிரில்லில் மாட்டி, ஆணியை நடுவில் வைத்துச் சுற்றித் துளைத்து மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஓட்டையில் அதே மரத்தில் கடைந்த குச்சியை, நார் ஓட்டம் பலகையோடு ஒத்துப்போகும்படி அடித்து அடையுங்கள். இழைப்புளி ஓட்டுவதற்கு முன், காவலாளிகள் வைத்திருக்கும் உலோகம் காட்டும் கருவியால் பலகை முழுவதும் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. மறைந்த ஒரு ஆணி போதும், பிளேடு போய்விடும்.

கறையை எடுக்க ஆக்ஸாலிக் அமிலம்: லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம். பிளாஸ்டிக் வாளி, கையுறை, முகமூடி கட்டாயம், இது விஷம். தடவி இருபது நிமிஷம் விட்டு, மூன்று முறை கழுவி, ஆப்பசோடாத் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர். தேய்க்க இரும்பு நார் எடுக்காதீர்கள். எடுத்தால் மறுநாள் பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளி விழும்.

9. பழைய பெயிண்ட் அஞ்சாறு அடுக்கு இருக்கு. கிரைண்டர்ல உப்புத்தாள் போட்டு ஓட்டிரலாமா?

கூடவே கூடாது. அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பில் தெரிவது பெரும்பாலும் ரெட் லெட், அதாவது ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தைய எந்த அடுக்கையும் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூசியாகப் பறந்தால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெரிய கேடு. புளோ லாம்ப் வைத்துச் சுட்டாலும் அதே கேடு புகையாக வரும்.

பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவைத்து, ஈரமாகவே சுரண்டியால் வழித்து எடுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்ட் அழகாக இருக்கிறது, விட்டுவிடலாமே என்றால் விடலாம். மேலே இரண்டு கை வார்னிஷ் கொடுத்து அடைத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசைக்கும் பிள்ளைகள் அறைக்கும் மட்டும் அது ஆகாது.

10. பித்தளை ஜன்னலுக்குப் புளி போட்டுத் தேய்க்கலாம்லா?

போடலாம், உப்பு சேர்க்காமல். குத்துவிளக்குக்கு நாம் புளியோடு உப்பும் வைத்துத் தேய்த்துப் பழகிவிட்டோம். கடலிலிருந்து வந்த பித்தளைக்கு இன்னும் உப்பா? புளித் தண்ணீரை ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடாமல் கழுவி, ஆப்பசோடாத் தண்ணீரில் முக்கி, மறுபடி கழுவி, துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள்.

துடைத்த பின்னும் வெளிர்பச்சை மாவு போலப் புள்ளி புள்ளியாகத் திரும்பி வந்தால் உள்ளே குளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் ஆப்பசோடா, 25 கிராம் சலவைச் சோடாப் பொடி கரைத்து அதில் முழுக்கி, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றி, பச்சை வருவது நிற்கும்வரை தொடருங்கள். சில வாரம் ஆகும். ஆங்காங்கே செம்பு நிறத்தில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது. தேய்த்து எடுக்க அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை, அந்த இடம் வலுவிழந்திருக்கிறது. கீல், திருகாணிப் பக்கம் அப்படி இருந்தால் ஜன்னலைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டலாம், திறந்து மூடும் கதவாக்க வேண்டாம்.

11. நங்கூரம், சங்கிலி எல்லாம் செதில் செதிலா உதிருது. பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

உப்பு உள்ளே இருக்கும்வரை நிற்காது. சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் செதிலை உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் மூழ்க வையுங்கள். 5-வது பதிலைப் போலத்தான், மாற்றி மாற்றி. கனத்த இரும்பென்றால் மாதக்கணக்கில். இந்தத் தண்ணீரில் மட்டும் டி.டி.எஸ். மீட்டர் உதவாது, சோடாவையே எண்ணிக் காட்டும். சின்னச் சாமானுக்கு மின்சார முறை இருக்கிறது: அதே சோடாத் தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், சாமானை நெகட்டிவ் முனையில், சாதாரண இரும்புத் தகட்டைப் பாசிட்டிவ் முனையில் இணைத்து இரண்டும் தொடாமல் தொங்கவிட வேண்டும். எவர்சில்வர் தகடு போடாதீர்கள், தண்ணீரில் விஷக் குரோமியம் இறங்கும். கிளம்பும் வாயு தீப்பிடிக்கும், அதனால் திறந்த வெளியில் மட்டும்.

காய்ந்ததும் கடுக்காய்க் கஷாயம். இடித்த கடுக்காய் 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடிகட்டிப் பிரஷ்ஷால் மூன்று கை பூசினால் இரும்பு நீலம் பாய்ந்த கறுப்பாக மாறும். மேலே மெழுகு. பெயிண்டைவிட இது பழம்பொருளுக்குப் பொருத்தம்; வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும்.

12. எங்க தாத்தா ரங்கூன்ல இருந்து கொண்டாந்த தேக்குப் பெட்டி. மேல கறுப்பா பிசுபிசுன்னு இருக்கு. ஆசாரி, இழைச்சா புதுசாயிரும்ங்காரு.

புதுசாகிவிடும் என்பதுதான் பிரச்சினை. இழைத்தால் நூறு வருஷத்து நிறமும் கைபட்ட மெருகும் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும். கறுப்பு என்று தெரிவது பெரும்பாலும் எண்ணெய், புகை, தூசி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியை ஒட்டப் பிழிந்து, ஒரு சாண் இடமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். பிசுக்குக்கு டர்பென்டைன். அதற்கும் போகாவிட்டால் மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வையுங்கள். மேல்பூச்சு கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். அதை எடுக்கவே வேண்டாம்: ஸ்பிரிட்டோடு கொஞ்சம் புது அரக்கு கலந்து மேலே ஓட்டினால் பழசு இளகி ஒன்றாகிவிடும்.

ஆசாரிக்கு வேலை இருக்கிறது: விட்டுப்போன மூட்டு, அடிப்பலகை, ஆடும் கீல். பழைய வஜ்ஜிரத்தை வெந்நீர்த் துணி வைத்து இளக்கி மூட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள், சுத்தியலால் அல்ல. பித்தளைப் பட்டையும் குமிழாணியும் எடுத்தால் எந்த ஆணி எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வைப்பது நல்லது.

13. ஆச்சியோட ட்ரங்குப் பெட்டி, தகரம். துரு தின்னுருக்கு.

விரலால் அழுத்தினால் தகரம் பொத்தல் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழாவிட்டால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு 50 கிராம் கரைத்துத் துணியில் நனைத்து துருவின் மேல் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுவையுங்கள். தேய்த்து, கழுவி, ஆப்பசோடாத் தண்ணீர், மறுபடி கழுவி, உடனே வெயில். அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ராத்திரி தாண்டினால் மஞ்சளாகத் துரு திரும்பிவிடும். பூவும் மயிலும் வரைந்த பக்கத்தில் அமிலம் படாமல் மெழுகு மட்டும் தடவுங்கள். பொத்தலுக்கு உட்புறமாகத் தகடு வைத்து ரிவிட் அடிக்கலாம்.

14. பெட்டியைத் திறந்தாலே பாச்சா உருண்டை நாத்தம், முடை நாத்தம்.

உள்ளே ஒட்டிய பழைய செய்தித்தாளில்தான் வாடை பாதி தங்கியிருக்கும். தேதி தெரியும் தாளைப் படம் எடுத்துவிட்டு, ஈரப் பஞ்சால் நனைத்து உரியுங்கள். நாலு நாள் வெயிலில் திறந்து வையுங்கள், பிறகு அடுப்புக்கரி ஒரு கிலோ போட்டு மூடி ஒரு வாரம். அதற்கும் போகாவிட்டால் உட்புறம் இரண்டு கை அரக்கு அடித்தால் வாடை மரத்துக்குள்ளேயே அடைபடும். கற்பூர மரப் பெட்டிக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்த வாசனைக்காகத்தானே பட்டுச்சேலையை அதில் வைத்தார்கள். உட்புறம் உப்புத்தாளால் லேசாக ஒருமுறை தேய்த்தால் வாசனை மறுபடி எழும்.

15. கடைசிப் பூச்சுக்கு எது நல்லது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கை அதிகம் படாத பெட்டிக்கு அரக்கு: மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 200 கிராம், ஒரு லிட்டர் ஸ்பிரிட், ராத்திரி முழுக்க ஊறவைத்து மல் துணியில் வடிகட்டி மெல்லிசாகப் பல கை. சூடான காபி டம்ளர் வைக்கும் மேசைக்கு அது ஆகாது, வெள்ளை வட்டம் விழும். அங்கே பி.யூ. (பாலியூரிதீன்) வார்னிஷ் அடியுங்கள். தோணிப் பலகைக்கு எங்கள் தேர்வு எண்ணெயும் மெழுகும்: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சமபங்கு, தடவி இருபது நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் இடைவெளியில் மூன்று கை. முடிவில் தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பென்டைன் மூன்று பங்கு. இது மரத்தை மூச்சுவிட விடும், தப்பு நடந்தால் திருத்தவும் முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் அரக்கு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரக்காற்றில் வெளுத்துப்போகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்குங்கள், அல்லது கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

16. பெட்டியையே டீப்பாயா வைக்கணும். உயரம், கண்ணாடி எல்லாம் எப்படி?

சோபா இருக்கை 16 முதல் 18 அங்குலம் இருக்கும். டீப்பாய் அதைவிட ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பது வசதி. சோபா 18, பெட்டி 12 அங்குலம் என்றால் காலுக்கு 4 அங்குலம் தேவை. காலை நேரே பெட்டியின் அடிப்பலகையில் திருகாதீர்கள், அரை அங்குலப் பலகை அந்தக் கனத்தைத் தாங்காது. காலோடு தனிச் சட்டம் செய்து பெட்டியை அதற்குள் உட்கார வையுங்கள். பெட்டியில் ஒரு திருகாணிகூட ஏறாது. முழுத் தாங்கலோடு கிடக்கும் கண்ணாடிக்கு 8 மி.மீ. டஃபன்டு போதும், ஓரங்களில் மட்டும் தாங்கினால் 12 மி.மீ. போடுங்கள். தகரப் பெட்டியில் உட்காருவதாக இருந்தால் மெத்தைக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு வேலை தள்ளிப்போடக்கூடாது. மூடி கையில் விழாமல் தாங்கும் ஸ்டே இருபுறமும். தானாகப் பூட்டிக்கொள்ளும் நாதாங்கியைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் அங்குலக் காற்றோட்ட ஓட்டை நாலைந்து. ஒளிந்து விளையாடப் பெட்டியைவிட நல்ல இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

17. சாவி தொலைஞ்சு போச்சு. உடைக்கலாமா?

உடைக்காதீர்கள். கீலின் முளைக் கம்பியைத் தட்டி எடுத்தால் பல பெட்டிகள் பின்பக்கமாகத் திறந்துவிடும். பிறகு பூட்டைக் கழற்றிச் சாவிக்காரரிடம் கொடுங்கள்.

18. வ.உ.சி. கப்பல்ல இருந்த சாமான்னு சொல்லி ஒருத்தர் ஒரு விளக்கு காட்டுதாரு. நம்பலாமா?

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906-ல் பதிவானது, சில வருஷங்களே ஓடியது. அந்தக் கப்பலில் இருந்தது என்றால் கைமாறிய காகிதமோ பொறித்த எழுத்தோ வேண்டும்; வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். லண்டன் பெயர் பொறித்த திசைகாட்டி, தொலைநோக்கி பெரும்பாலும் ரூர்க்கி, மொராதாபாத் பக்கம் இப்போது வார்த்தவை. அவை கெட்ட பொருள் அல்ல; விலைதான் பொய்.

பழையதில் தேய்மானம் இடம் பார்த்து இருக்கும்: கைபிடிக்கும் இடம் வழுக்கும், மறைவில் பழைய அழுக்கு. புதிதைப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே மாதிரிக் கறுத்திருக்கும். திருகாணியைப் பாருங்கள், நட்சத்திர வாய் இருந்தால் அந்தக் காலத்தது இல்லை. உடைபடும் கப்பல்களின் அசல் சாமான் வேண்டுமென்றால், 1983-லிருந்து கப்பல் உடைக்கும் குஜராத்தின் அலங்கிலிருந்து வரும் சரக்கைத் தேடுங்கள். அது பழமை கம்மி, ஆனால் கடலில் உழைத்தது.

19. கரையில ஒதுங்குனதை எடுத்துக்கலாமா? துபாய்ல இருக்க தம்பிக்குப் பெட்டியை அனுப்பலாமா?

ஒதுங்கிய கப்பல் சாமான் கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகாது; துறைமுகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். பவளம் ஒட்டிய பொருளை வாங்கவே வாங்காதீர்கள். பவளம் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. தூத்துக்குடி தொடங்கி ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் 1972-ன் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். அப்படியானால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகமாக இருந்தால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

20. கப்பல் கடிகாரம், பாரமானி எல்லாம் பிரிச்சு சுத்தம் பண்ணலாமா?

இருட்டில் ஒளிரும்படி எண் எழுதிய பழைய முகப்பில் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் அது போய்விட்டதாக அர்த்தம் இல்லை: ஒளிரும் பூச்சு செத்திருக்கும், ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். கண்ணாடியைத் திறக்காதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள். குழாய்ப் பாரமானியில் பாதரசம் இருக்கும், சாய்க்காமல் நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள். கப்பல் அறைச் சுவர்த் தகடு, குழாயில் சுற்றிய சாம்பல் நிறக் கயிறு இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அறுக்க வேண்டாம், வாங்கவே வேண்டாம்.

21. எல்லாம் முடிச்சு மேசையாக்கி வருஷம் ஒண்ணாச்சு. இந்த மழையில வார்னிஷுக்கு அடியில மேகம் மாதிரி வெள்ளையா வருதே அண்ணாச்சி?

ஊறவைத்தது போதவில்லை. 4-வது பதிலில் சொன்னதுதான் பூச்சுக்கு அடியில் நடக்கிறது. மேலே இன்னொரு கை வார்னிஷ் அடிப்பதோ, ஓட்டைகளில் எபாக்சிப் பிசின் ஊற்றி அடைப்பதோ வேலைக்காகாது. உப்பு வெளியேற வழியில்லாமல் அடுத்த மழைக்கு எபாக்சியையே பிடியோடு தூக்கும்.

மேசையைத் தொட்டிக்குள் திரும்பப் போட முடியாது. அந்த இடத்தில் மட்டும் வார்னிஷை வழித்து எடுங்கள். மை இல்லாத வெள்ளைத் தாளைக் கிழித்து, மழைத் தண்ணீரில் ஊறவைத்து, இட்லி மாவுப் பதத்துக்கு அரைத்து அரை அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். அது காயும்போது உப்பைத் தன்பக்கம் இழுக்கும். முழுக்கக் காய்ந்ததும் உரித்து எறிந்துவிட்டுப் புதிதாக அப்ப வேண்டும், நாலைந்து முறையாவது. உரித்த தாளை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் கரைத்து மீட்டர் வைத்தால், உப்பு குறைந்து வருவது எண்ணிலேயே தெரியும். பிறகு அந்தப் பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், எண்ணெயும் மெழுகும் மட்டும். இதெல்லாம் தைக்கு மேல் செய்கிற வேலை. மழை முடியும்வரை மேசைமேல் ஒரு துணியை விரித்து, சுரண்டாமல் விட்டுவையுங்கள்.